ஊசி போட்டது நான்தான்

வாசகரே, மனிதர்களில் ‘என்னை மறந்துவிட்டீர்களே’ என்று ஓர் இனம் உண்டு. ஒரு காரியம் நல்லபடியாக முடிந்து எல்லோரும் கைகுலுக்கிக்கொள்ளும்போது, ஓரமாக நின்று தொண்டையைச் செருமுகிறாரே, அவர்தான். இந்த இனத்தை ஆராய நான் எங்கும் அலைய வேண்டியதில்லை. சவரம் செய்யும் கண்ணாடியே போதும்.

நான் மயக்க மருந்து டாக்டர். வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டுப் பித்தப்பையை எடுக்கிறார்களே, அப்போது ஆளைத் தூங்கவைப்பதோடு, ஸ்கேன் திரையைப் பார்த்தபடி வயிற்றுத் தசைகளின் அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய ஊசியைச் செலுத்தி, அங்கே ஓடும் நரம்புகளை மரத்துப்போகச் செய்வதும் நான்தான். விழித்தபின் காயம் அவ்வளவாக வலிக்காது. யார் செய்த வேலை? யாருக்கும் தெரியாது. தூங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

அன்று ஒரு பேருந்து ஓட்டுநருக்கு அந்த அறுவை சிகிச்சை. மாலையில் வார்டுக்குப் போனேன். மனிதர் எழுந்து உட்கார்ந்து மனைவியோடு அரட்டையடித்துக்கொண்டிருந்தார்.

“வலி எப்படி இருக்கு?”

“வலியா? துளிகூட இல்ல சார். சர்ஜன் கை அப்படி!”

“இவருக்கு எப்பவுமே வலி தாங்குற உடம்பு” என்றார் மனைவி.

ஆக, சர்ஜன் கைக்குப் பாதி, ஓட்டுநர் உடம்புக்குப் பாதி. எனக்கு?

நாடி பார்க்கும் சாக்கில் மறுபடி போனேன். பேனாவைத் தேடும் சாக்கில் போனேன். பக்கத்துக் கட்டில்காரரை விசாரிக்கும் சாக்கிலும் போய், முகத்தை ஓட்டுநர் பக்கம் திருப்பி, “வலி எப்படி இருக்கு?” என்றேன். சர்ஜனின் கை ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

அடுத்து நான் தலைகாட்டிவிட்டுத் திரும்பியதும் மனைவி பின்னாலேயே நடைவழிக்கு ஓடிவந்தார். கண் கலங்கியிருந்தது.

“டாக்டர், மறைக்காம சொல்லுங்க. வேற யாரையும் நீங்க இப்படி வந்து வந்து பாக்கல. அவருக்கு என்ன? என் தம்பிய வேற வேலைய விட்டுட்டு வரச் சொல்லிட்டேன்.”

“ஐயோ, ஒண்ணுமில்லம்மா! அவருக்கு வலி தெரியாததுக்குக் காரணமே நான் போட்ட ஊசி. அது எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கத்தான் வந்தேன்.”

“அவ்வளவு நல்ல ஊசியா? அப்ப நர்ஸ் குடுத்த வலி மாத்திரை எதுக்கு?”

காலைக்குள் மரமரப்பு விலகிவிடும், அதற்குமுன் மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும் என்று சொல்ல வேண்டிய இடம் அது. அறிவு சொல்லத்தான் சொன்னது. வாய் கேட்டால்தானே?

“அதெல்லாம் சும்மா துணைக்கு” என்றேன்.

மறுநாள் காலை, மாடிப்படியிலேயே ஓட்டுநரின் முனகல் கேட்டது. நர்ஸ் கொடுத்த மாத்திரைகள் தண்ணீர்க் குவளைக்குப் பக்கத்தில் தொடாமல் கிடந்தன. என்னைக் கண்டதும் மனைவி விரலை நீட்டினார்.

“இவர்தான்! அந்த ஊசியப் போட்டது இவரேதான்!”

வார்டே திரும்பிப் பார்த்தது. நான் ஏங்கித் தவித்த புகழ்!

உடனே வலிக்கு மருந்து ஏற்றச் சொல்லி, கட்டிலோரம் உட்கார்ந்து, சொல்லாமல் விட்டதையெல்லாம் சொன்னேன். வந்து வந்து நின்ற காரணத்தையும் வெட்கத்தோடு ஒப்புக்கொண்டேன். மூச்சு சீரானதும் ஓட்டுநர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அப்ப நேத்து பூரா நீங்க வந்து வந்து நின்னது ஒரு பேருக்காகவா? வாய விட்டுக் கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேனே சார்!”

சிரித்தார். உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது.”

வீட்டுக்குப் போகும்போது எனக்கும் நன்றி சொன்னார். சர்ஜனுக்குச் சொன்ன பிறகு.

பாவம் இந்த டாக்டர் என்று உச்சுக் கொட்டுகிறீர்கள். இருக்கட்டும். போன வாரம் வீட்டில் மின்விசிறியைப் பழுதுபார்த்துவிட்டு, அதன் கீழேயே நின்றுகொண்டு, “காத்து நல்லா வருதா?” என்று எத்தனை தடவை கேட்டீர்கள்?