மாமா கையில் கொடுத்த வயர்

“…எறும்பு கடிச்சாக்கூட இதைவிடச் சுருக்குன்னு இருக்கும்டா. ஒண்ணையும் காணோம்! இன்னும் எவ்வளவு நேரம் இந்த எலிவாலைப் புடிச்சிக்கிட்டு நிக்கச் சொல்றே?”

கேட்டவர் என் தாய்மாமன் அஞ்சப்பன். எலிவால் என்று அவர் சொன்னது ஒரு காரின் பிளக் வயரை. வலது கையில் வயரின் நுனி, இடது கை மட்கார்டின் மேல். இன்ஜினுக்குக் கரண்டு வருகிறதா என்று பார்க்க ஒரு மனிதரை, அதிலும் எனக்குப் பெண் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த மனிதரை, அப்படி நிற்க வைத்த மேதை நான்தான். (வெயிலில் பொறி கண்ணுக்குத் தெரியாது, ஆள் அலறினால் காதுக்குத் தெரியும் என்பது என் விஞ்ஞானம். நானே பிடித்திருக்கலாமே என்பீர்கள். மெக்கானிக்கின் உயிர் விலைமதிப்பில்லாதது என்று அப்போது ஓர் எண்ணம்.)

மெக்கானிக் பட்டம் எனக்கு நானே கொடுத்துக்கொண்டது. பிரெஞ்சுக்காரன் காரைக்காலைக் கொடுத்துவிட்டுப் போயிருந்த புதிது. எனக்கு அரும்புமீசை, சைக்கிள் கடையில் வேலை, லாரிக்காரர்கள் பேசுவதைக் கேட்டுப் பொறுக்கிய பத்துச் சொற்கள். காயில், கண்டென்சர், பாயின்ட் என்று நான் அடுக்க ஆரம்பித்தால் எதிரில் நிற்பவர் பேந்தப் பேந்த விழிப்பார். விழித்தவர்களில் ஒருவர் சைகோன் பாய்.

சைகோனில் ஜவுளிக்கடை வைத்திருந்துவிட்டுத் திரும்பியவர் அவர்; ‘ஐயா’ என்பதற்குப் பிரெஞ்சில் ‘முசியே’ என்பார். வரும்போது கப்பலில் ஒரு பிரெஞ்சுக் காரையும் ஏற்றிக்கொண்டு வந்தார். அதன் இன்ஜின் ஊர் வந்ததும் வெடித்துப்போனது. அந்தச் சாமான் இனி பாரீசுக்குப் போனால்தான் கிடைக்கும். “கவலைப்படாதீங்க பாய், மாயவரத்துல உடைச்ச இங்கிலீஷ் வண்டியோட இன்ஜின் ஒண்ணு இருக்கு. அதை எடுத்து இதுல வச்சிடலாம்” என்றேன். வைப்பது எப்படி என்று அவரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

இதற்கு நடுவில்தான் மாமா மகள் கனகத்தைக் கேட்டு அம்மா தூது விட்டிருந்தாள். மாமா சொல்லியனுப்பிய பதில்: “கடலுக்குப் போறவன் பையன் கடலுக்குப் போகல. சரி, ரிப்பேராவது தெரியுதான்னு பாக்குறேன். அந்த வண்டி கெளம்பட்டும், பேசலாம். கெளம்பலேன்னா கிளிஞ்சல்மேட்டுலேருந்து ஒருத்தன் கேக்குறான். சொந்தமா வலை வச்சிருக்கான்.”

ஆக, நான் இன்ஜின் மாற்றியது பாய்க்காக இல்லை. கனகத்துக்காக.

தோணி இழுக்கிற கயிற்றையும் பனங்கட்டைகளையும் வைத்து இன்ஜினைத் தூக்கி உள்ளே இறக்கினேன். சும்மா இறக்கவில்லை. கடலோரக் குப்பமான பட்டினச்சேரியில் பிறந்தவனுக்கு வெற்று இரும்பைப் பார்த்தால் கை அரிக்கும். உப்புக்காற்றில் இரும்பு எத்தனை நாள் தாங்கும்? எங்கள் வீட்டில் கதவுத் தாழ்ப்பாளுக்குக்கூடப் பெயின்ட் அடிப்போம்; அடித்த அன்றிலிருந்து தாழ்ப்பாள் நகராது. அந்தப் பரம்பரையில் வந்தவன், தோணிக்கு அடிக்கிற பச்சைப் பெயின்டை வாங்கி இன்ஜினுக்கு மூன்று பூச்சு அடித்தேன். காரின் இரும்புச் சட்டத்துக்கு அடித்தேன், போல்ட்டுக்கு அடித்தேன், போல்ட் உட்காருகிற ஓட்டைக்குள்ளும் துணியைச் சுற்றி விட்டு அடித்தேன். பார்த்தவர்கள் “என்னா பளபளப்பு!” என்றார்கள். நானும் நம்பினேன்.

கிளப்புகிற நாள் வந்தது. காலையிலிருந்து காரின் மூக்கில் செருகிய ஹேண்டிலைச் சுற்றிச் சுற்றிக் கைதான் வீங்கியது. பொட்டுப் பொறி இல்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். காயிலை மாற்றினேன். பேட்டரியைத் தட்டிப் பார்த்தேன், தடவியும் பார்த்தேன். (தடவியதால் கிளம்பிய பேட்டரி உலகத்தில் கிடையாது.) தெரு கூடிவிட்டது. நம் ஊர் ஜனங்களுக்குப் பேசச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

“பிரெஞ்சுக்காரன் ஒடம்புல இங்கிலீஷ்காரன் உசுரை வச்சா எப்படிப்பா ஒத்துப்போவும்? ரெண்டு பேரும் உள்ளே சண்டை போட்டுக்கிட்டுக் கெடப்பானுங்க” என்றார் ஒருவர்.

மீன்கூடையோடு நின்ற ஓர் அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, “பெயின்ட்டைப் பாத்தா நம்ம தோணி மாதிரியில்ல இருக்கு! பாய்மரம் ஒண்ணு கட்டிவிடு தம்பி. காத்தடிக்கிற பக்கமாப் போவும்” என்றாள்.

அவள் கேலிக்குள் விடையே இருந்தது. எனக்கு உறைக்கவில்லை. முகம்தான் சிவந்தது.

அப்போதுதான் வயரைப் பிடிக்க ஆள் கேட்டேன். பாய் இரண்டடி பின்னால் போனார். “சைகோன்ல குண்டு விழுந்தப்பவே அல்லா என்னைக் காப்பாத்திட்டான், முசியே. உம்ம கையால மௌத்தாக மாட்டேன். ஹேண்டில் வேணும்னா சுத்துறேன்.” மாமாதான், “கரண்டு இருந்தாத்தானே அடிக்கும்? இவன் வேலைல அது எங்கேருந்து வரும்?” என்று தெம்பாக முன்னால் வந்து பிடித்தார். பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹேண்டிலைச் சுற்றினார். சுற்றினார். சுற்றிக்கொண்டே இருந்தார்.

மாமா அந்த எறும்புப் பேச்சைப் பேசியதும் எனக்கு அங்கே நிற்க முகம் இல்லை. காருக்கு அடியில் மட்டும்தான் இடம் இருந்தது. புகுந்துகொண்டேன். சும்மா படுத்திருந்தால் சந்தேகப்படுவார்களே என்று கைக்கு எட்டிய ஒரு போல்ட்டை ஸ்பானரால் முறுக்க ஆரம்பித்தேன். இன்ஜினையும் சட்டத்தையும் இணைக்கிற செம்புப் பட்டையின் போல்ட் அது. பேட்டரியிலிருந்து வருகிற கரண்டு அந்த வழியாகத் திரும்பிப் போனால்தான் பொறி பிறக்கும். அந்த வழியைத்தான் நான் மூன்று பூச்சுப் பெயின்டால் அடைத்து வைத்திருந்தேன். இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்கு நான் முறுக்கியது வெட்கத்துக்கு.

ஸ்பானர் வழுக்கி, பச்சைச் சில்லு ஒன்று பெயர்ந்து என் வாயில் விழுந்தது. துப்புவதற்காகத் தலையைத் திருப்பினேன். கீழிருந்து பார்த்தால் மாமாவின் இரண்டு பாதங்கள் மட்டும் தெரியும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டும் தரையில் இல்லை.

“ஆத்தாடீ!”

அடுத்த கணம் இன்ஜின், மாமா பிடித்திருந்த வயர் போக மிச்சத்தை வைத்துக்கொண்டு, இருமி இருமிக் கிளம்பிவிட்டது. தெரு கைதட்டியது. வெளியே ஊர்ந்து வந்தேன். மாமா மணலில் மல்லாந்திருந்தார். தூக்கிவிட்டிருக்கலாம். நான் சொன்னது: “பாத்தீங்களா மாமா, சின்ன ரிப்பேர்தான்னு சொன்னேன்ல?”

(இன்றைக்கும் வீட்டில் நான் பல்பு மாற்ற ஸ்டூலை இழுத்தால் பேரப்பிள்ளைகள் அத்தனை பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்கள். சொல்லிக்கொடுத்தவள் கனகம்.)

மாமா எழுந்தார், மணலைத் தட்டினார், பட்டினச்சேரிப் பக்கம் நடக்கத் தொடங்கினார். வயரை மாட்டிக்கொண்டு, பாயைப் பின்னால் உட்காரவைத்து, அவர் நடைக்கு ஈடாகக் காரை ஊரவிட்டு, “ஏறுங்க மாமா, ஏறுங்க” என்று கெஞ்சிக்கொண்டே போனேன். வழியெல்லாம் ஆட்கள் நின்று பார்த்தார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ‘கிளிஞ்சல்மேட்டுக்காரனுக்கு யோகம்’ என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் நேராக எங்கள் வீட்டுக்குள் போனார். அம்மா முற்றத்தில் குடத்தை இறக்கிக்கொண்டிருந்தாள். “அக்கா, நல்ல நாளாப் பாத்து முடிச்சிடு. இவனை வெளியில விட்டா எவனையாவது கொன்னுட்டு ஜெயிலுக்குப் போயிடுவான். நம்ம வீட்டோடயே கட்டிப் போட்டுருவோம்” என்று சொல்லிவிட்டு, அம்மா வாயைத் திறப்பதற்குள் வலது கையை முழங்கை வரைக்கும் அந்தக் குடத்துக்குள் விட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.