நண்டின் சாயம்

ஓர் இரவு முழுக்க நான் பெரிய விஞ்ஞானியாக இருந்திருக்கிறேன். மறுநாள் காலையில் அந்தப் பதவி போய்விட்டது.

வருடம் இரண்டாயிரத்துச் சொச்சம். விலங்கியல் முனைவர் பட்டத்துக்காகக் காட்டோடை நண்டுகளைத் தேடி அலைந்துகொண்டிருந்தேன். நான் பிடித்ததெல்லாம் யாரோ எப்போதோ பிடித்துப் பெயர் வைத்தவை. (அட்டைகளுக்கு மட்டும் நான் புதிய கண்டுபிடிப்பு.) இந்த முறையும் ஏமாந்தால் ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிட்டு, அப்பாவின் கம்பெனியில் செக்கிங் மேசையில் பழுது தேடிப் பனியன் திருப்ப வேண்டியதுதான்.

உடுமலைக்கு மேலே, வனத்துறை அனுமதியோடு, கொட்டும் மழையில், பாறையிடுக்கிலிருந்து சேறு அப்பிய நண்டு ஒன்றைப் பிடித்தேன். கூட வந்த வனக்காவலர் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, இதுக்கா இத்தன தூரம்? எங்கூட்டு வயல்லயே கெடக்குதுங்க."

ஈரத்துணியில் சுற்றினால் நண்டு சாகாது. திருப்பூர் பக்கத்து அருள்புரத்துக்காரிக்குத் துணிக்கா பஞ்சம்? கம்பெனி மூலையில் குவிந்து கிடந்த பனியன் வேஸ்ட்டில் ஒரு கை அள்ளி வந்திருந்தேன். அதில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் பிரித்துப் பார்த்தேன். இரண்டு கொடுக்கும் பளீரென்று ஊதா! உடனே என் கைடுக்குப் போன் செய்தேன்.

"எதையும் தொடாதம்மா! அப்படியே கொண்டு வா. நாளைக்கு நண்டு ஸ்பெஷலிஸ்ட் மேடம் ஒருத்தங்க காலேஜுக்கு வர்றாங்க!"

தொடாமல் இருப்பேனா? துணி காய்ந்துவிடுமே என்று அதே குவியலிலிருந்து இன்னும் கொஞ்சம் எடுத்து, நனைத்து, அழுத்திச் சுற்றினேன். படுத்துக்கொண்டே நண்டுக்குப் பெயரும் வைத்தேன். (அதில் என் பெயரும் இருந்தது. அப்படி வைக்கக் கூடாது என்பது அப்போது நினைவில்லை.)

காலையில் துறையே கண்ணாடித் தொட்டியைச் சுற்றி நின்றது. நண்டைத் தண்ணீரில் விட்டேன். முதலில் மெல்லிய ஊதா இழை ஒன்று ஓடியது. பிறகு தொட்டியே ஊதாவானது. கொடுக்கு வெளுக்க ஆரம்பித்தது. துணியும் ஊதாதான். இரவெல்லாம் அது என் கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை.

மேடம் விரலை நனைத்துப் பார்த்தார்.

"திருப்பூரா?"

"ஆமாங்க" என்றேன். கைடு சார் முகத்திலும் கலர் போய்விட்டது.

மேடம் நண்டை எடுத்து, எங்கள் செக்கிங் பெண்கள் பனியனைத் திருப்புவது போலத் திருப்பினார். லென்ஸ் வைத்து அடிவயிற்றை வெகுநேரம் பார்த்தார். நான் மனதளவில் செக்கிங் வேலையில் சேர்ந்தே விட்டேன்.

"கலர விடுங்க. நண்டு இனத்தப் பிரிக்கறதே இந்த உறுப்ப வெச்சுத்தான். அது இப்படி வளைஞ்சு நான் எந்த நண்டுலயும் பாத்ததில்ல. இது புதுசுதான்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேனா, அழுதேனா தெரியாது. ஆராய்ச்சிக் கட்டுரையில் அதன் நிறம் 'மங்கிய பழுப்பு' என்று அச்சாகியிருக்கிறது.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். "அந்தத் துணியா? சாயம் நிக்கலீன்னு வெளிநாட்டுப் பையர் திருப்பி அனுப்புன லாட்டாச்சே கண்ணு அது!" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

சில வருடம் கழித்து, கட்டிக்கொள்ள விரும்பியவரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அப்பா பலமாக உபசரித்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"பாக்க நல்லாத்தான் இருக்கறாப்ல. தண்ணியில நனச்சுப் பாத்தியா கண்ணு?"

இன்றும் என் வீட்டுக்காரர் மழையில் நனைந்து வந்தால், அப்பா ஒரு முறை அவரை உற்றுப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொல்வார்: "நிக்குது, நிக்குது."