கப்பலண்ணைக்கு விழுந்த கெட்டிமேளம்

கிற்றாரில் எத்தனை கம்பி என்றுகூடத் தெரியாத நான், ஒரு காலத்தில் ஓர் ஆங்கிலப் பாடகருக்கு மனேஜராக இருந்தேன். வெட்கக்கேடுதான். என் மனைவியைத் தவிர வேறெவரும் அதை ஞாபகம் வைத்திருக்கவில்லை என்ற துணிவில் சொல்கிறேன்.

பிளேஸ்டோவில் அவர் எங்களுக்கு மேல்வீட்டுக்காரர். லண்டனில் அவரளவுக்கு ஆட்களைக் கடலில் மூழ்கடித்தவர் எவருமில்லை. பாட்டுகளில்தான். நாட்டுப்பாடல் பாணியில் எழுதுவதும் அவரே, பாடுவதும் அவரே. மூன்றாம் சரணத்தில் கப்பல் புறப்படும், ஐந்தாவதில் கவிழும். அதனால் எங்களுக்கு அவர் கப்பலண்ணை. அவரோ தேம்ஸ் ஆற்றைப் பாலத்தால் கடந்தாலே தலைசுற்றுகிறவர்.

எண்பதுகளில் பப்புகளின் பின்னறை நிறையச் சனம் வந்ததாம். தொண்ணூறுகளில் ஒரு நாயும் அதன் சொந்தக்காரரும் மிச்சம். கடைசிவரை இருப்பது நாய்தான். ஒரு கூட்டமாவது தனக்காக எழுந்து நிற்காவிட்டால் பாட்டை விட்டுத் தம்பியின் கார்ப்பெற் கடைக்குப் போகப்போவதாகச் சொன்னார். மனேஜர் சும்மா இருக்கலாமா? ஹரோவில் நடந்த என் மச்சாளின் கல்யாணத்தில் பாட ஒழுங்கு செய்தேன்.

ஒருவரும் சாகாத பாட்டாகப் பாடும்படி கெஞ்சினேன். இருப்பதிலேயே சந்தோஷமானதைப் பாடுவதாகச் சொன்னார். அதில் மணமகள் மட்டும்தான் மூழ்குவாள் என்பதை மேடையேறும்போதுதான் சொன்னார்.

முன்வரிசையில் என் மாமி. ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவர். ஒரு சொல் தப்பாது. மூன்றாம் சரணத்தில் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உந்தப் பொம்பிளை ஏன் கப்பலிலை ஏறுறா?"

"காத்து வாங்க, மாமி."

ஐந்தாம் சரணம் நெருங்கியது. நல்ல காரியத்தில் ஆகாத சத்தம் காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளம்? தவில்காரரைப் பார்த்து விரலை ஆட்டினேன். கடல் கொந்தளித்த இடத்தில் தவில் இடித்தது. கெட்டிமேளம் கேட்டால் எங்கள் சனம் யோசிக்காது. மாமி உட்பட மண்டபமே எழுந்து நின்றது. பூவும் அரிசியும் மேடைக்குப் பறந்தன. பாதி கிற்றாருக்குள் போனது. கப்பலண்ணை கண்கலங்கி அடுத்த சரணத்தையும் எடுத்தார். நான் அடுத்த விரலையும் எடுத்தேன்.

கார்ப்பெற் கடை தப்பியது. அதற்குப் பிறகும் பல வருடம் அவர் பப்புகளில் ஆளில்லாத கதிரைகளுக்குச் சந்தோஷமாகப் பாடித் திரிந்தார்.

அன்று மண்டபம் காலியானதும், ஒரு கலைஞனைக் காப்பாற்றிவிட்ட பெருமையைத் தவில்காரரிடம் அளந்துகொண்டிருந்தேன். அவர் தவிலுக்கு உறையைப் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அது சரி அண்ணை. ஆனா அந்தாளுக்கு நல்ல குரல். ஒருக்கால் கேக்க விட்டிருக்கலாம்."