வெள்ளி விழா மலருக்கு எழுத உட்கார்ந்த வானொலி வரலாறு

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி, மைக் இரண்டு, எல்லோரும் சௌக்கியம். தாங்களும் அக்காவும் தங்கள் அச்சகமும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

எங்கள் பாட்டு வானொலியின் வெள்ளி விழா மலருக்கு நிலைய வரலாற்றை இரண்டு பக்கத்தில் எழுதித் தரும்படி மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். உட்கார்ந்து எழுதினால் அது என் குடும்ப வரலாறாகவே வந்து தொலைக்கிறது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், அச்சேற்றலாமா என்று தாங்களே சொல்லுங்கள்.

நிலையம் தொடங்கியது நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் மொட்டை மாடியில், பழைய சாமான் போட்டு வைத்திருந்த அறையில். உரிமம் கொடுத்த அலுவலகம் ஒரே நிபந்தனை வைத்தது: தமிழில் சொல்வதையெல்லாம் உடனே இன்னொரு மொழியிலும் சொல்ல வேண்டும், அதில் சொல்வதைத் தமிழிலும் சொல்ல வேண்டும். அந்த மொழி என் மனைவி பிறந்த வீட்டு மொழி. ஆக, தமிழுக்கு நான், அதற்கு அவள். முதல் வாரமே "இன்று மழை பெய்யும்" என்று அறிவித்தேன். அவள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு, தன் மொழியில் நல்ல வெயில் என்று சொல்லிவிட்டாள். "என்னம்மா இது, நான் மழைன்னு தானே சொன்னேன்?" என்றேன். "பொய்யை எதுக்கு ரெண்டு மொழியில சொல்லணும்?" என்றாள். அன்றிலிருந்து துணி காயப்போடுகிறவர்கள் அவளை நம்பினார்கள், குடை வைத்திருப்பவர்கள் என்னை.

மூன்றாம் ஆண்டு ஒரு காலை, மைக் திறந்திருப்பதை மறந்து, "வீட்டுச் சாவியை எங்க வச்ச?" என்று கேட்டுவிட்டேன். நிபந்தனை நிபந்தனைதானே! செய்தி வாசிக்கிற முகத்தோடு அதை அவள் தன் மொழியில் சொன்னாள். அதே மொழியில், "உங்ககிட்டதான் குடுத்தேன்" என்றும் சொன்னாள். அதை நான் தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று. இப்படியே நாலு நிமிடம் போன பிறகு ஃபோன் வந்தது. "சார், சாவி உங்க கதவுலயே தொங்குது. எடுத்து வச்சிருக்கேன்." எப்பேர்ப்பட்ட நேயர், பாருங்கள் அத்தான்! அதன்பின் பாட்டுக்கு மவுசு குறைந்துவிட்டது. "பாட்டைச் சீக்கிரம் முடிங்க சார், நேத்து விட்ட இடத்துலேர்ந்து ஆரம்பிங்க" என்று ஆளாளுக்கு ஃபோன்.

எட்டாம் ஆண்டுதான் நிஜச் சண்டை வந்தது. அவள் மொழிப் பாட்டு ஒன்றைப் பாதியில் வெட்டி, மெத்தைக் கடை விளம்பரத்தைப் போட்டுவிட்டேன். அவளுக்கு உயிரான பாட்டு. வீட்டில் பேச்சை நிறுத்திவிட்டாள். மைக் முன்னால் மட்டும் நான் சொல்வதைத் தன் மொழியில் சொல்வாள். வேறு வழியில்லாமல், "நேயர்களே, குளியலறைக் குழாய் ஒழுகுகிறது" என்றெல்லாம் அறிவித்துக் கொண்டிருந்தேன். பன்னிரண்டாம் நாள் உரிமத்தைப் புதுப்பிக்க அதிகாரி வந்து எதிரே உட்கார்ந்தார். எனக்கும் பொறுக்கவில்லை. "நேயர்களே, தப்பு என்னோடதுதான். அந்தப் பாட்டை நான் வெட்டியிருக்கக் கூடாது" என்றேன்.

அவள் தன் மைக்கைத் தள்ளி வைத்தாள்.

அதிகாரி பேனாவை மூடினார். "மேடம், நீங்க சொல்லலைன்னா உரிமம் கிடையாது."

"இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க சார், சரியா கேக்கல."

சொன்னேன். என் இரண்டு வரியை அவள் தன் மொழியில் பதினோரு நிமிடம் சொன்னாள். அந்த மொழி அறிந்த அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ்வளவுமா சார் செஞ்சீங்க?" என்று என்னைப் பார்த்தார். கையெழுத்தும் போட்டார். வெட்டிய பாட்டை முழுசாகப் போட்டேன்.

ஊர் முழுவதும் காது கொடுத்துக் கேட்ட வரலாறு இதுதான். அக்காவுக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசிகள், தங்கள் அச்சு இயந்திரம் தடையின்றி ஓடட்டும்.

அன்புள்ள மைத்துனன்

பின்குறிப்பு: உறையில் போடுமுன் மனைவியிடம் படித்துக் காட்டினேன். "எழுதுறதுதான் எழுதுறீங்க, உண்மையையும் சேத்து எழுதுங்க" என்கிறாள். எங்கள் ஒலிபரப்பு இந்தக் கட்டடத்து வாசலைத் தாண்டியதே இல்லையாம். ஆன்டெனா போட்ட மெக்கானிக் முதல் மாதமே அவளிடம் சொல்லிவிட்டாராம். நேயர்கள் மொத்தமே பதினாறு வீட்டார்.

"தெரிஞ்சுமா இருபத்தஞ்சு வருஷம் தினமும் மாடியேறி வந்த?" என்று கேட்டேன்.

"வீட்டுல நீங்க இவ்வளவு பேச மாட்டீங்களே" என்றாள்.

ஆகவே அத்தான், மலர் ஐந்நூறு பிரதி வேண்டாம். பதினாறு போதும். நாங்களே கதவைத் தட்டிக் கொடுத்துவிடுகிறோம்.