கிழக்கே சூலம்

"இந்த ரூம் ஆகாது வே" என்று சாவியை மேஜைமேல் போட்டார் ஐயம்பெருமாள். அதை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய் இரண்டு நிமிடம் ஆகியிருக்காது.

வரவேற்பில் இருந்த பெருமாள்ராஜுக்கு நாற்பது வயதிருக்கும். வாகைகுளம் விமான நிலையத்துக்கு ஒரு கிலோமீட்டர் இப்பால், நாலுவழிச் சாலை ஓரத்து ஓட்டலில் உட்கார்ந்து பலவிதமான மனிதர்களைப் பார்த்தவர். "இருநூத்தி நாலுல என்ன கொறை அண்ணாச்சி? ஏசி ஓடலையா?"

"ஈசானிய மூலையில கக்கூசக் கட்டி வச்சிருக்கீரு. அதுல மனுசன் தங்குவானா? அப்புறம், என்னைய அண்ணாச்சின்னு கூப்பிடாதயும். நான் கடையா வச்சிருக்கேன்? கண்காணிப்பாளரா இருந்து ரிட்டயர் ஆனவன்."

"சரி சார்."

"பக்கத்துல இருநூத்தி அஞ்சு சும்மாதான கெடக்கு? அதக் குடும்."

"அது வாரா வாரம் வாறவங்களுக்குன்னு வச்சிருக்கது சார். அந்த மேடம் சாயங்காலம் வந்துருவாங்க. முகூர்த்த நாளு, வேற ரூமே கெடையாது. அவங்க வந்து..."

"எவளோ வரட்டும். அவளத் தூக்கி நாலுல போடும். நாளைக்கு நான் போகலைன்னா மெட்ராஸ்ல ஒரு கல்யாணமே நடக்காது, தெரியுமா?"

இது அவ்வளவும் உண்மையில்லை. கல்யாணம் எப்படியும் நடக்கும். ஐயம்பெருமாள் இல்லாமல் நடக்கும் என்பதுதான் அவருடைய பயம்.

தங்கை மகள் பிருந்தாவுக்குத் திங்கட்கிழமை காலை ஒன்பதேகாலுக்குமேல் பத்தேகாலுக்குள் பல்லாவரத்தில் முகூர்த்தம். தாய்மாமன் மாலை போட்டபின்தான் பெண் மணவறைக்கு வருவாள். மூத்த தாய்மாமன் ஐயம்பெருமாள். இளைய தாய்மாமன் அவருடைய தம்பி பாலசுப்பிரமணியன். சொந்தத்தில் இதற்குமுன் நடந்த நாலு கல்யாணத்திலும் அண்ணன்தான் மாலை போட்டார். தம்பி பின்னால் நின்று தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை அண்ணன் வர ஐந்து நிமிடம் பிந்தினாலும் போதும், தட்டைக் கீழே வைத்துவிட்டு மாலையை எடுத்துவிடுவார்.

அப்படியானால் முந்தின நாளே போய்ச் சேர வேண்டியதுதானே என்று யாரும் கேட்பார்கள். மனைவி ஞானம்பாளும் கேட்டாள். அதற்கு ஐயம்பெருமாளிடம் ஒரு தத்துவம் இருந்தது. முந்தின நாள் போகிறவனை வெங்காயம் உரிக்க உட்கார வைத்துவிடுவார்கள், முகூர்த்த நேரத்துக்கு விமானத்தில் வந்து இறங்குகிறவனுக்குத்தான் மரியாதை. தம்பி ரயிலில் போய் இரண்டு நாளாகிறது. நன்றாக உரிக்கட்டும்.

விமானம் காலை ஆறு மணிக்கு. வண்ணார்பேட்டை வீட்டிலிருந்து விமான நிலையம் முக்கால் மணி நேரம். சின்னப் பிள்ளைகூட மூன்றரைக்குக் கிளம்பினால் போதும் என்று சொல்லிவிடும். ஆனால் திங்கட்கிழமை கிழக்கே சூலம். விமான நிலையமோ திருநெல்வேலிக்கு நேர் கிழக்கே இருக்கிறது. சூலம் இருக்கிற திசையில் அன்றைக்கு வீட்டிலிருந்து காலை எடுத்து வைத்தால் காரியம் கெட்டுப்போகும். எனவே ஞாயிற்றுக்கிழமையே கிளம்பி ஓட்டலில் தங்கிவிட்டால் சூலத்தை ஏமாற்றிவிடலாம். முப்பத்தைந்து வருடம் அரசாங்கக் கோப்புகளைச் சுற்றவிட்ட மூளை, வேறு எப்படி யோசிக்கும்?

ஒருவழியாக இருநூற்று ஐந்தின் சாவி கைக்கு வந்தது.

"நான் காலையில எழுப்பச் சொன்னது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். ரெண்டு மணி, ரெண்டரை, மூணு. மூணு தடவ ரூமுக்குப் போன் அடிக்கணும். நோட்டுல எழுதியாச்சு."

அவர் எழுதினால் போதாது என்று, வந்தவுடனேயே அந்த நோட்டில் கீழே கையெழுத்தும் வாங்கியிருந்தார் ஐயம்பெருமாள்.

இரவு சாப்பாடு முடிந்து ஒன்பது மணிக்குப் படுக்கப் போனபோதுதான் அவருக்கு அடுத்த சந்தேகம் வந்தது. கைப்பேசியை எடுத்து அதிலிருந்த திசைகாட்டியைப் பார்த்தார். பார்த்தவர் துள்ளி எழுந்தார்.

"ஏட்டி, எந்திரி. தலைமாடு வடக்க இருக்கு."

"இருந்தா இருந்துட்டுப் போகட்டும். ஒரு ராத்திரிதான" என்றாள் ஞானம்பாள்.

"நல்ல காரியத்துக்குப் போறவன் வடக்க தலை வச்சா படுப்பான்? ஒரு கை பிடி."

தேக்குக் கட்டில். பளிங்குத் தரையில் அதை இழுத்தபோது எழுந்த சத்தம் கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும். தலைமாட்டைக் கிழக்கே திருப்பினார். கால்மாடு போய்க் குளியலறைக் கதவை அடைத்துக்கொண்டது.

சர்க்கரை வியாதிக்காரர். ராத்திரி நாலு தடவை அந்தக் கதவு திறந்தாக வேண்டும். மறுபடியும் இழுத்தார். இப்போது தெற்கே தலை. ஏசி நேராக உச்சந்தலையில் ஊதியது. படுத்த இரண்டாவது நிமிடம் ஒன்பது தும்மல் வந்தது.

பக்கத்து அறையிலிருந்து சுவரை யாரோ மூன்று முறை தட்டினார்கள்.

"பாத்தியா, ஒழுங்கா நடந்துக்கத் தெரியாத சனங்க. ராத்திரியில சுவரத் தட்டுது" என்றபடி மூன்றாவது தடவையாகக் கட்டிலை இழுத்தார் ஐயம்பெருமாள்.

கதவு தட்டப்பட்டது. முப்பது வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். முடியைத் தூக்கி முடிந்திருந்தாள். கசங்கிய பனியனும் தொளதொளப்பான கால்சட்டையும் போட்டிருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"சார், தயவுசெஞ்சு சத்தம் போடாதீங்க. எனக்குக் காலையில சீக்கிரம் டூட்டி. கண்டிப்பா தூங்கியாகணும்."

"எங்களுக்கு மட்டும் வேலை இல்லையா? நாங்க கல்யாணத்துக்குப் போறோம். அது முக்கியமா, ஒன் டூட்டி முக்கியமா?"

"நான் என்ன வேலை பாக்கறேன்னா சார்..."

"நீ என்ன வேலையும் பாரும்மா. ஒத்தையில வந்து ஓட்டல்ல தங்குத பிள்ள, பெரியவங்க கதவ வந்து தட்டலாமா? இதயெல்லாம் ஒங்க வீட்டுல சொல்லிக் குடுக்கலையா?"

அவள் ஞானம்பாளைப் பார்த்தாள். ஞானம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள். இந்த மனிதனோடு முப்பத்தெட்டு வருடம் வாழ்ந்தவளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

"மருந்துக் கம்பெனிப் பொண்ணு" என்று கதவைச் சாத்திவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "பையத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராப் போயி டாக்டருங்க வாசல்ல நிப்பாளுவ. காலையில தூத்துக்குடியில நாலு மாத்திரை விக்கதுக்கு இம்புட்டு மிடுக்கு."

"எது எப்பிடியோ, பாவம், கண்ணெல்லாம் செவந்து போயிருக்கு. இனிமே கட்டில இழுக்காதிய."

"மேற்க தலை வச்சாச்சு. இனி எதுக்கு இழுக்கப் போறேன்?"

பத்தரைக்குத் தம்பியிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, கெளம்பிட்டியா?"

"வந்தாச்சு லே. ஏர்போர்ட் பக்கத்துலதான் இருக்கேன்."

"நீ ஒண்ணும் பதறாத. பிந்திப்போச்சுன்னா இங்கன நான் பாத்துக்கிடுதேன். மாலை பாத்தேன், நல்லாக் கெட்டியா கெட்டியிருக்கான். என் கைக்கு அளவு எடுத்த மாதிரி இருக்கு."

போனை வைத்தபின் ஐயம்பெருமாளுக்குத் தூக்கம் போயே போய்விட்டது. அறைக்குள் நடந்தார். பெட்டியைத் திறந்து பட்டு வேட்டி இருக்கிறதா என்று பார்த்தார். மூடினார். டிக்கெட் இருக்கிறதா என்று மறுபடி திறந்தார். அந்தப் பெட்டியின் பூட்டு ஒவ்வொரு தடவையும் பட்டாசு மாதிரி வெடித்தது.

பதினொன்றரைக்கு, அரைத் தூக்கத்தில் இருந்த ஞானம்பாள் எழுந்து உட்கார்ந்தாள்.

"இங்கேருங்க. சாயங்காலம் சூரியன் எந்த ஜன்னல்ல மறைஞ்சுது?"

"அந்தா, அதுலதான்."

"அப்போ அதுதான மேக்கு? நாம இப்போ தலை வச்சிருக்க பக்கம் என்ன?"

ஐயம்பெருமாள் ஜன்னலைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். விரலை நீட்டிக் கணக்குப் போட்டார். முகம் வெளிறிவிட்டது. கைப்பேசி உறையில் காந்தப் பொத்தான் இருந்தது. அது பக்கத்தில் இருக்கும்வரை திசைகாட்டி உண்மை பேசாது. ஆரம்பத்தில் கட்டில் கிழக்கே தலைமாடாகச் சரியாகத்தான் கிடந்திருக்கிறது. ஒன்பது மணியிலிருந்து மூன்று தடவை பாடுபட்டு, அதை இவரே வடக்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்.

"பிடி ஒரு கை."

"நான் மாட்டேன். அந்தப் பிள்ள ஒறங்கட்டும்."

"நீ பிடிக்கலைன்னா நான் ஒத்தையில இழுக்கேன்."

ஒற்றை ஆளாக இழுத்தபோது சத்தம் இரண்டு மடங்கானது. நடுவில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கியதால் நேரமும் மூன்று மடங்கானது. கட்டில் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்ததும் மேஜையிலிருந்த போன் அடித்தது. பெருமாள்ராஜ்.

"சார், பக்கத்து ரூம் மேடம் ரொம்ப வருத்தப்படுதாங்க. அவங்க யாருன்னு நான் முன்னாலேயே சொல்ல வந்தேன்..."

"எவளா இருந்தா எனக்கென்ன வே? ஒழுங்கா ஒரு கட்டில வடக்கு தெக்குப் பாத்துப் போடத் தெரியல, பேச வந்துட்டீரு" என்று வைத்துவிட்டார். கட்டில் ஒழுங்காகத்தான் போடப்பட்டிருந்தது என்ற விஷயம் அதற்குள் அவருக்கு மறந்துவிட்டது.

பிறகு தூங்கினார். குறட்டையோடு தூங்கினார்.

இரண்டு மணிக்கு எங்கோ போன் அடித்தது. இரண்டரைக்கு அடித்தது. மூன்றுக்கும் அடித்தது. அவருடைய அறையில் அல்ல. பெருமாள்ராஜின் நோட்டில், ஐயம்பெருமாளே கையெழுத்து வாங்கிய பக்கத்தில், அறை எண் இருநூற்று நாலு என்றுதான் இருந்தது. அறையை மாற்றிக்கொண்டவர் நோட்டை மாற்றச் சொல்லவில்லை. ராத்திரி வேலைக்கு வந்த ஆள் நோட்டில் இருந்தபடி செய்தான்.

மூன்றே ஐந்துக்குக் கதவு தட்டப்பட்டது. அதே பெண்.

"உங்களுக்கு வர வேண்டிய போன் எனக்கு வருது சார். மூணு தடவை வந்தாச்சு. உங்களை எழுப்பச் சொல்றாங்க."

"மணி என்ன?"

"மூணு அஞ்சு."

"ரெண்டு மணிக்கே வந்துருக்கு, இப்பத்தான் வந்து சொல்லுதியாக்கும்? என் பிளைட் போயிருந்தா நீயா பொறுப்பு?"

அவள் அவர் கதவில் இருந்த எண்ணை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். தன் அறைக்குள் போய்க் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டாள்.

நாலு மணிக்குக் குளித்து, திருநீறு பூசி, பெட்டியோடு வாசலில் நின்றார் ஐயம்பெருமாள். கார் வந்தது. ஞானம்பாள் ஏறவில்லை.

"ஏங்க, இங்கேருந்து ஏர்போர்ட்டு எந்தப் பக்கம்?"

"அந்தா வெளக்குத் தெரியுதுல்லா, நேர் கிழக்க..." என்று கையை நீட்டியவர் நீட்டியபடியே நின்றார்.

அன்றைக்குத் திங்கட்கிழமை. கிழக்கே சூலம். ஓட்டலிலிருந்தும் விமான நிலையம் கிழக்கேதான் இருந்தது.

"ஏலே, தயிர் இருக்கா? தயிர்!" என்று உள்ளே ஓடினார். அந்தச் சூலத்துக்குத் தயிர்தான் பரிகாரம். சமையல்கட்டைத் திறக்க வைத்து, பெரிய கிண்ணம் நிறையத் தயிர் வாங்கி நின்றவாக்கில் குடித்தார். பட்டுச் சட்டையில் கொஞ்சம் சிந்தியது.

"இந்தத் தயிர வீட்டுலயே ஒரு கரண்டி குடிச்சிட்டுக் கெளம்பியிருக்கலாம்" என்றாள் ஞானம்பாள்.

"ஒனக்கு எல்லாம் வெளையாட்டு."

விமான நிலையத்தில் அவர்தான் முதல் ஆள். வரிசை உருவாவதற்கு முன்பே வரிசையில் நின்றார். பின்னால் வந்தவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். திட்டமிடத் தெரியாத கூட்டம் என்று அவருக்குத் தோன்றியது. பெட்டியைப் போட்டு, சோதனை முடித்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த விமானத்தைப் பார்த்ததும் நெஞ்சு நிமிர்ந்தது. சட்டைத் தயிர்க்கறைமேல் அங்கவஸ்திரத்தை இழுத்துவிட்டுக்கொண்டார். தம்பி தட்டைப் பிடிக்கட்டும்.

ஐந்தரைக்கு அறிவிப்பு வந்தது. சென்னை செல்லும் விமானம் தாமதமாகும். பத்து மணிக்குப் புறப்படும்.

"பத்தா?"

பத்து மணிக்கு விமானம் ஏறினால் பதினொன்றரைக்கு இறங்கலாம். அந்த நேரத்தில் பிருந்தா தாலியோடு பந்தியில் உட்கார்ந்திருப்பாள். பாலசுப்பிரமணியன் பக்கத்தில் நின்று பாயசம் பரிமாறச் சொல்லிக்கொண்டிருப்பார். ஐயம்பெருமாளுக்கு உண்மையாகவே அழுகை வந்தது. அதை அவர் கோபமாக மாற்றிக்கொண்டு கவுன்டருக்குப் போனார்.

கவுன்டரில் நித்யா என்று பெயர் எழுதிய அட்டையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஊர்ப் பிள்ளைதான்.

"விமானம் அங்கன நிக்கி. மழை இல்ல, காத்து இல்ல. என்ன கேடு அதுக்கு?"

"விமானத்துக்கு ஒண்ணும் இல்ல சார். மெட்ராஸ்லருந்து வேற கேப்டன் வரணும்."

"இருந்த கேப்டன் என்ன ஆனான்? குடிச்சிட்டுக் கெடக்கானா?"

"அப்பிடியெல்லாம் சொல்லாதிய சார்."

"பொறுப்பத்த ஜென்மம்! இத்தன பேரு விடியுமுன்ன எந்திரிச்சு வந்து நிக்கோம். புகார் எழுதணும், தாள எடு. முப்பத்தஞ்சு வருசம் கவர்மெண்டுல இருந்தவன் நான், சும்மா விடமாட்டேன். இதுக்குக் காரணமான ஆளு யாருன்னு பேரோட எனக்குத் தெரியணும்."

கைப்பேசி அடித்தது. தம்பி. "அண்ணே, பிளைட் லேட்டுன்னு போன்ல பாத்தேன். நீ பைய வா. நான் இப்பமே போயி குளிச்சிருதேன்."

ஐயம்பெருமாள் கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் திணித்தார். பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். புகார்த் தாளில் தன் பெயரையும் பழைய பதவியையும் பெரிய எழுத்தில் எழுதினார். அடுத்த வரியில் பேனாவை ஊன்றிக்கொண்டு, "சொல்லு தாயி. காரணமான ஆளு பேரு?" என்றார்.

நித்யா முன்னாலிருந்த காகிதத்தைப் பார்த்துச் சொன்னாள். "பேரு தெரியல சார். ஓட்டல்ல பக்கத்து ரூம்ல ஒரு பெருசு விடிய விடிய கட்டில இழுத்து எங்க கேப்டன் மேடத்த ஒறங்கவே விடலையாம், ஒறங்காம ஓட்டக் கூடாதுன்னு சட்டம். அந்த ஆளு ரூம் நம்பர் மட்டுந்தான் எழுதிக் குடுத்திருக்காங்க, இருநூத்தி அஞ்சு."