துப்பாக்கிக்கும் துப்பு வேண்டும்

புத்தாண்டு தினத்தன்று மதியம், பன்றிக்கறியும் புளித்த முட்டைக்கோஸும் மேஜையில் ஆவி பறக்கும்போது, நான் என் வாழ்க்கையின் மாபெரும் சபதத்தை அறிவித்தேன்.

"வெர்னா, இந்த வருஷம் நான் ஒரு துப்பாக்கி செய்யப் போறேன்."

"செய்யப் போறியா, வாங்கப் போறியா?"

"செய்யப் போறேன். என் கையால. பழைய காலத்துச் சிக்கிமுக்கித் துப்பாக்கி. நீளக் குழல், மேப்பிள் கட்டை, பித்தளை வேலைப்பாடு. இருநூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி இதே பென்சில்வேனியாவுல நம்ம ஆளுங்க செஞ்ச மாதிரியே."

"போன வருஷம் குளியலறைக் கதவுக்குக் கைப்பிடி மாட்டினியே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"உள்ளே மூணு மணி நேரம் மாட்டிக்கிட்டு இருந்தது நான். எனக்கும் ஞாபகம் இருக்கு."

என் பெயர் ஹார்லன் உம்ஹோல்ட்ஸ். ஹார்டுவேர் கடையில் முப்பது வருஷமாக உளி, அரம், ரம்பம் எல்லாம் விற்கிறேன். எந்த உளி எதற்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். உளியைப் பிடித்து ஒரு மரத்தைச் செதுக்கச் சொன்னால்தான் கொஞ்சம் யோசிப்பேன்.

என் மனைவி வெர்னா வேலை செய்வது பல் டாக்டர்களுக்குப் பல்செட்டு செய்து கொடுக்கும் பட்டறையில். எங்கள் ஊரில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் பாதிப் பேர் சிரிப்பது அவள் செய்த பல்லால்தான். அவர்கள் சிரிப்பது பெரும்பாலும் என்னைப் பார்த்து.

"நல்லா யோசிச்சுக்கோ ஹார்லன். துப்பாக்கி செய்யத் துப்பு வேணும்."

"அதெல்லாம் பெட்டியிலேயே வரும்."

வந்தது. சவப்பெட்டி நீளத்துக்கு ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே அரைகுறையாகச் செதுக்கிய மரக்கட்டை, எட்டுப் பட்டை இரும்புக் குழல், விசை, பித்தளைத் துண்டுகள், ஒரு பை நிறைய திருகாணி. கூடவே ஒரு கையேடு. "சாதாரணக் கருவிகள் போதும். மூன்று வார இறுதிகளில் முடித்துவிடலாம்" என்றிருந்தது. எந்த வருஷத்து வார இறுதிகள் என்று போடவில்லை. சிக்கிமுக்கிக் கல்லை மட்டும் தனியாக வாங்க வேண்டுமாம். சிக்குவதும் முக்குவதும் நம் பொறுப்பு.

நான் சும்மா இருந்திருக்கலாம். கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு அட்டை எழுதி மாட்டினேன்: "ஹார்லன் துப்பாக்கி செய்கிறார். ஏப்ரலில் தீயணைப்பு நிலைய ஹாலில் காணத் தவறாதீர்கள்." அங்கேதான் எங்கள் வேட்டைச் சங்கம் வருஷா வருஷம் கண்காட்சி நடத்தும். முதல் முறை துப்பாக்கி செய்பவர்களுக்கென்று தனியாக ஒரு பரிசு உண்டு. ஆணி வாங்க வந்தவன், பெயின்ட் வாங்க வந்தவள், எலிப்பொறி வாங்க வந்த பாதிரியார் என்று ஒருவர் விடாமல் விசாரித்தார்கள். நானும் ஒருவர் விடாமல் கதை அளந்தேன்.

முதல் வார இறுதி, கையேடு படித்தேன். இரண்டாவது வார இறுதி, விசைக்குப் பள்ளம் தோண்டப் போய்க் கட்டைவிரலுக்குக் கட்டுப் போட்டேன். மூன்றாவது வார இறுதி, நிலவறையில் இறங்கி, மரத்தில் இருக்கிற நீளப் பள்ளத்துக்குள் குழலை வைத்தேன். உட்காரவில்லை. அமுக்கினேன். உட்காரவில்லை. "உட்காரு" என்று சொல்லி மரச்சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினேன்.

உட்கார்ந்தது. ஆனால் "டக்" என்று ஒரு சத்தம். முன்கட்டையில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல்.

மேலேயிருந்து வெர்னா. "என்ன சத்தம்?"

"வேலை மும்முரமா நடக்குது!"

"யாருக்கோ வலிச்ச மாதிரி இருந்துச்சே."

வலித்தது எனக்குத்தான். அட்டையை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று ஊரே கேட்கும். வெர்னா கேட்க மாட்டாள். வெறுமனே பார்ப்பாள். ஊரைச் சமாளிக்கலாம். அந்தப் பார்வையைச் சமாளிக்க முடியாது.

நாலு வீடு தள்ளி லூதர் ஸெர்பி இருந்தார். எண்பத்திரண்டு வயது. இந்த மாவட்டத்திலேயே சிக்கிமுக்கித் துப்பாக்கியில் கரை கண்டவர். வெர்னா வேலைக்குப் போனதும், விரிசல் விட்ட கட்டையைக் கம்பளியில் சுற்றி, மழலையைத் தூக்கிப் போவதுபோல் தூக்கிக்கொண்டு போனேன்.

லூதர் கம்பளியை விலக்கிப் பார்த்தார். "ஏம்ப்பா, இதை வண்டி ஏத்திக் கொன்னியா?"

"லேசா ஒரு தட்டுதாங்க."

"விசைக்கு இங்கே பள்ளம் தோண்டியிருக்கியே. விசையை வைக்கவா, விசையோட குடும்பத்தையே வைக்கவா?"

"உங்களால சரி பண்ண முடியுமா?"

"பண்ணலாம். மீதி வேலையையும் முடிச்சுடலாம். ஆனா இந்தக் குளிர்காலம் முழுக்க என் வாசல் பனியை நீ அள்ளணும். பட்டறைக்குப் போற பாதையையும் சேத்து."

"அள்ளறேன். ஒரே ஒரு விஷயம். யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. முக்கியமா வெர்னாகிட்ட."

"யாருகிட்டயும் வாயே திறக்க மாட்டேன்" என்றார் லூதர், வெர்னா செய்து கொடுத்த பல்செட்டு முழுவதும் தெரிய.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு வேலை. ஒன்று, லூதர் வீட்டில் பனி அள்ளுவது. இன்னொன்று, என் வீட்டு நிலவறையில் துப்பாக்கி செய்வதுபோல் சத்தம் செய்வது. ஒரு பழைய அலமாரிப் பலகையை எடுத்துவைத்து உப்புத்தாளால் தேய்த்தேன். வாரக்கணக்கில் தேய்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, சத்தம் பிரமாதம்.

"ஹார்லன், இன்னிக்குத் தட்டுற சத்தமே காணோமே?"

உடனே தட்டுவேன்.

"அரம் போடற கட்டம் இன்னும் வரலையா?"

உடனே ஒரு பழைய குழாயை எடுத்து அரத்தால் ராவுவேன்.

பாதி நாள் அவள் வீட்டில்கூட இல்லை. பட்டறையில் வேலை அதிகம், ஊரில் திடீரென்று எல்லாருக்கும் பல் விழுகிறது என்றாள். அவள் இல்லாதபோதும் நான் தேய்த்தேன். பழக்கமாகிவிட்டது.

லூதர் என்னைப் பட்டறைக்குள் விடவே இல்லை. வாசலிலேயே மறித்துவிடுவார். "தூசி வந்துடும். மெருகு காயுது." உள்ளே ரேடியோ பாடியது. கூடவே யாரோ பாடியதுபோலவும் இருந்தது.

"உள்ளே யாருங்க?"

"ரேடியோ."

"ரெண்டு குரல் கேக்குதே?"

"பெரிய ரேடியோ. நீ அந்த ஓரத்துப் பனியை விட்டுட்டே பாரு."

மார்ச் கடைசியில் துப்பாக்கி கைக்கு வந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். மேப்பிள் மரத்தின் வரிகள் தேன்நிறத்தில் அலை அலையாக ஓடின. விரிசல் இருந்த இடம் எனக்கே தெரியவில்லை. மரத்தில் பதித்த பித்தளைத் தகட்டின் ஓரத்தில் நகத்தை ஓட்டினால் நகம் தடுக்கவில்லை. ஒரு நிமிஷம் வெட்கமாக இருந்தது. அடுத்த நிமிஷம் அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் வெர்னா முன்னால் நீட்டினேன்.

"முடிஞ்சது!"

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அடடா! என்ன வேலைடா இது! இந்த மாதிரிக் கை லட்சத்துல ஒருத்தருக்குத்தான் அமையும்."

"அப்படியா சொல்றே?" என்று தரையைப் பார்த்தேன்.

"பொறுமை, புத்தி, ரசனை எல்லாம் இருக்கற ஆளாலதான் இது முடியும். அழகாவும் இருப்பாங்கன்னு நினைக்கிறேன்."

"போதும் வெர்னா, கூச்சமா இருக்கு."

"ஒண்ணு சொல்றேன் கேளு. இதைச் செஞ்சவங்கதான் டிசம்பர்ல இதை வேட்டைக்கு எடுத்துட்டுப் போகணும். வேற யாரும் தொடக்கூடாது. சரியா?"

"எழுதியே தர்றேன்!" என்றேன்.

ஒரு சீட்டில் எழுதித் தந்தேன். கையெழுத்தும் போட்டேன். அவள் அதைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள்.

ஏப்ரலில் ஹால் நிறைந்திருந்தது. என் அட்டையைப் படித்த அத்தனை பேரும் வந்திருந்தார்கள். நடுவர் ரோஸெல்லா, கையில் பூதக்கண்ணாடியோடு, என் மேஜைக்கு வந்தார். பத்து நிமிஷம் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"மிஸ்டர் உம்ஹோல்ட்ஸ், குழலுக்கும் மரத்துக்கும் நடுவுல தலைமுடிகூடப் போகாது. எப்படிப் பொருத்தினீங்க?"

"பொறுமையாங்க."

"சரி, எதை வெச்சு?"

"பொறுமையைத்தான் வெச்சு."

பக்கத்தில் நின்ற வெர்னா தொண்டையைக் கனைத்தாள்.

"இந்த நிறம் அபூர்வமா இருக்கே. என்ன பூசினீங்க?"

கையேட்டில் அந்தப் பக்கம் வரை நான் போகவே இல்லை. மேஜை ஓரத்தில் யாரோ வைத்துவிட்டுப் போன கோப்பை கண்ணில் பட்டது.

"டீ" என்றேன்.

"டீயா!" அந்தக் குரல் நடுவருடையது அல்ல. "டீயாடா பூசினேன் நான்? இரும்பு ஆணியை அமிலத்துல கரைச்சு, மூணு தடவை தடவி, சூடு காட்டிக் காட்டி மரம் சிவக்கிற வரைக்கும் நின்னேனே! அப்புறம் ஆளிவிதை எண்ணெயை விரலால தேய்ச்சு, பதினாலு நாள் காய வெச்சு... டீயாம், டீ!"

ரோஸெல்லா மெதுவாக வெர்னா பக்கம் திரும்பினார்.

"அப்போ குழலைப் பொருத்தினது?"

"பல்செட்டு பொருத்தற மாதிரிதாங்க. வாயில கருப்புத்தாளைக் கடிக்க வெச்சு, எங்கே கறை படுதோ அங்கே மட்டும் ராவுவோம். இங்கே குழல்ல மெழுகுவத்திக் கரியைப் பூசி மரத்துல அமுக்கிப் பாத்தேன். கரி பட்ட இடத்தை மட்டும் சுரண்டினேன். எழுபது தடவையாவது இருக்கும்."

நான் லூதரைத் தேடினேன். அவர் காபி மேஜைக்குப் பின்னால் பதுங்கியிருந்தார்.

"வாயே திறக்க மாட்டேன்னு சொன்னீங்களே!"

"என் கை நடுங்குதுப்பா. நான் உளி பிடிச்சு நாலு வருஷமாச்சு. நீ என் வாசலைத் தாண்டறதுக்கு முன்னாடியே வெர்னாவுக்குப் போன் பண்ணிட்டேன். நான் சொல்லச் சொல்ல அவ செஞ்சா. ரேடியோவோட சேர்ந்து பாடினதும் அவதான்."

நான் பனி அள்ளிச் சுத்தம் செய்து வைத்த பாதையில்தான் அவள் தினமும் நடந்து போயிருக்கிறாள்.

"எல்லாருக்கும் முன்னாடி இப்படிப் பண்ணிட்டியே வெர்னா."

"நீ டீன்னு சொல்லாம இருந்திருந்தா நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன். டிசம்பர்ல சீட்டைக் காட்டிக்கலாம்னுதான் இருந்தேன். துப்பாக்கியால எதையாவது சுடுவாங்க ஹார்லன். நீ துப்பாக்கியையே சுட்டுட்டியே!"

ஹால் சிரித்தது. எனக்குக் காது சுட்டது. ஆனால் ரோஸெல்லா பரிசை அவள் கையில் கொடுத்தபோது வெர்னாவின் முகத்தைப் பார்த்தேன். முப்பது வருஷமாக அவள் வேலையெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் மறைந்தே இருந்தது. முதல் தடவையாக அது எல்லார் கண்ணுக்கும் முன்னால் மேஜைமேல் இருந்தது. நானும் கைதட்டினேன். கொஞ்சம் பிந்தித்தான் தட்டினேன், ஆனால் தட்டினேன்.

அதோடு விட்டிருப்பாளா?

கிறிஸ்துமஸ் முடிந்து சிக்கிமுக்கித் துப்பாக்கிக்கான மான் வேட்டைக்காலம் வந்தது. சீட்டில் என் கையெழுத்து இருந்தது. வெர்னா துப்பாக்கியோடு முன்னால் நடந்தாள். நான் சாப்பாட்டுப் பையோடு பின்னால் நடந்தேன். இரண்டாவது நாளே ஒரு மான் விழுந்தது. மலைச்சரிவில் ஒரு மைல் தூரம் அதை இழுத்துக்கொண்டு வரும் கௌரவம் எனக்குக் கிடைத்தது.

பிப்ரவரியில் என் பிறந்தநாளன்று வெர்னா மேஜைமேல் ஒரு அட்டைப்பெட்டியை வைத்தாள்.

"இந்தத் தடவை நீயே முழுசாச் செய்யணும். நானும் லூதரும் கிட்டவே வர மாட்டோம். உன்னால முடியும்னு எனக்கு நம்பிக்கை இருக்கு."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு பெட்டியைத் திருப்பி, மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படித்தேன்.

"மரக் குருவிக்கூடு. ஆறு துண்டுகள். எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. பெரியவர் ஒருவர் உடனிருப்பது அவசியம்."