நடைபாதையில் நான்கடி

"கணக்கெடுக்க வந்தப்ப நீ இடத்துல இல்ல. காலி இடம்னு எழுதிட்டாங்க," என்றார் அதிகாரி.

"எப்படி சார் இருப்பேன்? அட்டை வாங்க மூணு நாளா உங்க வரிசையிலதான் நிக்கறேன்," என்றார் நடைபாதையில் சாவி செய்து தரும் சாவிக்காரர்.

அட்டை இல்லாமல் நடைபாதையில் கடை போடக் கூடாது என்பது புதிய சட்டம். நடைபாதை வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம்.

அதிகாரிக்குப் பக்கத்தில் வேறொரு நாட்டு நகராட்சி அதிகாரி உட்கார்ந்திருந்தார். இந்தச் சட்டத்தைக் கற்றுக்கொண்டு போக வந்தவர். மொழிபெயர்க்கும் பெண் காதருகே சொல்லச் சொல்லக் குறிப்பெடுத்தார்.

"இன்னிக்கு என் இடத்துல என் சம்சாரம் உட்கார்ந்திருக்கா. காலியா இல்லையான்னு ஆளை அனுப்பிப் பாருங்க."

அதிகாரி பேனாவைத் திறந்தார். "அப்ப இடத்தைக் கை மாத்திட்டே."

"பொண்டாட்டி சார்."

"சட்டத்துல பொண்டாட்டின்னு போடல. வேறு நபர்னுதான் இருக்கு."

வெளிநாட்டு விருந்தாளி அதை மறுபடி சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.

தன் வயிற்றெரிச்சல் ஒரு வெளிநாட்டுக்காரருக்காவது புரிகிறதே என்று சாவிக்காரருக்குத் தெம்பு வந்தது. "பதினெட்டு வருஷமா அதே நாலடி. அந்தத் தெருவுல நான் திறக்காத பூட்டு இல்ல. எழுதியே தரேன்."

"தா."

எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். அதிகாரி இரண்டு முறை படித்தார்.

"பதினெட்டு வருஷமா அனுமதியில்லாம உட்கார்ந்திருக்கேன்னு நீயே ஒத்துக்கிட்டியே. இனிமே நான் என்னய்யா பண்றது?"

கைபேசி அடித்தது. மனைவி.

"நகராட்சி ஆளுங்க வந்து பெட்டியை வண்டியில ஏத்திட்டாங்க. அரம், சாவி எல்லாம் போச்சு. அங்க என்னதான் பண்றீங்க?"

"பாதுகாப்பு வாங்கிட்டிருக்கேன்," என்று வைத்துவிட்டார்.

மொழிபெயர்க்கும் பெண்ணிடம் திரும்பினார்.

"அம்மா, என் பொழப்பு போச்சு. அவர் ஊர்ல என்னை மாதிரி ஆளுங்களாவது நல்லா இருக்கட்டும். இங்க நடந்ததை ஒண்ணு விடாம சொல்லுங்க."

அவள் சொன்னாள். விருந்தாளி எழுந்து வந்தார். சாவிக்காரரின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு நெடுநேரம் பேசினார்.

"என்னம்மா சொல்றாரு?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"நன்றி சொல்றாரு. பத்து வருஷமா அவங்க ஊர்ல நடைபாதையைக் காலி பண்ண முடியலையாம். போலீஸ், புல்டோசர் எல்லாம் விட்டுப் பார்த்தாங்களாம். பாதுகாப்புச் சட்டம் போடணும்னு தோணவே இல்லையாம்."